பெருநாளுக்கு முதல் நாள் வந்த மச்சான்

தோட்ட ஆபீஸ்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் தெமியாங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய அலமாரிகளில் இப்போது இந்தோனேசியத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள், அதாவது கடப்பிதழ்கள், கட்டுக் கட்டாக இருக்கின்றனவாம். "லீவு நாள்ல ஒரு ஆளு புதுசா வந்து நின்னா என்ன சார் செய்யறது? இமிகிரேஷன் பூட்டிக் கிடக்கும். ஒண்ணும் செய்ய முடியாது லா" என்றாள் ஒரு பெண். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் கருப்பையா நினைவுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அவருடைய கதைதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோலா பிலா ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். காட்டோரமாகத் தனித்தனியாக இருந்த லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளையெல்லாம், இடித்துவிட்டு, ஜனங்களை ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குடியமர்த்திச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். வாசல் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஆபீசில் என் பொறுப்பில் இருந்தது. பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் அவனையும் பிடிப்பார்கள், சோறு போட்டவனையும் பிடிப்பார்கள். ஏன் எதற்கு என்று கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை. துரை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார். பெரிய கிராணியும் சிரம்பானில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆபீசில் நான் மட்டும். மத்தியானம் ஒரு மணிக்கு வாசல் காவல்காரர் ஓர் ஆளை அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். வேட்டி, கசங்கிய சட்டை, கையில் ஒரு தகரப் பெட்டி. மூன்று நாளைக்கு முன்னால்தான் கப்பலை விட்டு இறங்கியிருந்தார்.

"ஐயா, என் பேரு கருப்பையா. திருச்சிப் பக்கம். என் தங்கச்சி அஞ்சலை இந்தத் தோட்டத்துலதான் இருந்துச்சு. உசிரோட இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும், நான் திரும்பிப் போயிடறேன்."

அஞ்சலை பதினேழாம் நம்பர் வீடு. பால்வெட்டுத் தொழிலாளி மாரியப்பனின் மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தலையில் கட்டிய துணியோடு ஓடி வந்தவள் ஆபீஸ் படியில் அப்படியே நின்றுவிட்டாள். பதினாறு வயதில் கல்யாணமாகிக் கப்பலேறியவள். நடுவில் ஜப்பான்காரன் காலம் வேறு போயிருந்தது. இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. "அண்ணே, எளச்சிட்டியே" என்றாள். "நீ கறுத்துட்ட" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள்.

எனக்கும் மனசு இளகிவிட்டது. உள்ளே விடச் சொல்லிக் காவல்காரருக்கு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இன்னிக்கு எல்லா ஆபீசும் மூடியாச்சு. ஞாயிறு, திங்கள் பெருநாள் லீவு. செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம். ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போவுது?" என்று நானே சொன்னேன். பட்டியலில் பெயர் எழுதுவதற்காக அவருடைய கடப்பிதழையும் இன்னும் சில காகிதங்களையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவற்றைப் பிரித்தேன். துறைமுகத்தில் கொடுத்த மூன்று மாத பாஸில் தங்கும் முகவரி எழுதியிருந்தது: மேல் டிவிஷன், லயம் நான்கு.  அந்த லயம் இடிக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது அங்கே செடி மண்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் காட்டுக்காரர்களும் அவர்களைத் தேடுகிற பட்டாளமும்தான். அரசாங்கத்தின் காகிதப்படி இந்த மனிதர் குடியிருக்கப் போவது அங்கே. பாஸின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. முகவரி மாறினால் இரண்டு நாளைக்குள் குடிநுழைவு அலுவலகத்துக்கு, அதாவது இமிகிரேஷனுக்கு, தெரிவிக்க வேண்டும்.

பாஸுக்குக் கீழே ஒரு பழைய கடித உறை இருந்தது. ஊரிலிருந்து அஞ்சலைக்கு எழுதிய கடிதம். அதே மேல் டிவிஷன் முகவரி. அதன் குறுக்கே ஆங்கிலத்தில், சிவப்பு மையில், "ஆள் இல்லை, போய்விட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்" என்று எழுதியிருந்தது.

கையெழுத்து என்னுடையது.

லயங்களை மாற்றியபோது பழைய முகவரிக்கு வந்த கடிதங்களெல்லாம் ஆபீசில் குவிந்தன. பழைய பட்டியலைப் பார்த்தேன். பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அடித்ததும் நான்தான், அவர்களைப் புதுப் பட்டியலுக்கு மாற்றியபோது. புதுப் பட்டியலைப் புரட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். புரட்டாமல் ஒரு கட்டையே திருப்பி அனுப்பிவிட்டேன். அஞ்சலை என் ஜன்னலுக்கு நேரே தினமும் பால் வாளியோடு போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அந்த உறையை ஓரமாக வைத்தேன். சிரம்பான் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. கருப்பையாவின் புது முகவரியைத் தெரிவித்து ஒரு கடிதம் டைப் அடித்தேன், கார்பன் வைத்து இரண்டு நகலோடு. ஆனால் தபால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் நகராது. அதுவரை அந்தக் கடிதம் என் மேசையில் கிடந்தாலும் ஒன்றுதான், தபால் பெட்டியில் கிடந்தாலும் ஒன்றுதான். பெருநாளானாலும் பூட்டாத கதவு அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. மூன்று மைலுக்கு அப்பால், கடைத்தெருவில், போலீஸ் ஸ்டேஷன்.

பதினேழாம் நம்பர் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் மாரியப்பன் எழுந்துவிட்டார்.

"போலீசா? என்னா கிராணி பேசறீங்க? எங்க மச்சான நீங்களே கொண்டுபோய்க் காட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"காட்டிக் குடுக்க இல்ல. இவரு இங்க இருக்காருன்னு நாமளே முதல்ல சொல்லிடறோம்."

"போன வருசம் மூணாம் லயத்து ராமன அப்படித்தான் விசாரிக்கணும்னு கூப்பிட்டாங்க. அவன் வீடு திரும்ப எட்டு மாசம் ஆச்சு. லிஸ்ட்டு உங்க கையிலதான இருக்கு? மச்சான் போன மாசமே வந்தாருன்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"கப்பல் வந்த தேதி முத்திரையில இருக்கு. போன மாசம்னு நான் எழுதினா, அந்த ஒரு பொய்யே போதும், உங்க எல்லாரையும் சந்தேகப்பட."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் கிராணி என்றால் துரையின் ஆள். போலீசுக்குப் பெயர் கொண்டுபோகிறவனை எங்கள் ஜனம் என்ன பெயர் சொல்லி அழைத்தது என்று எனக்குத் தெரியும். என் பயம் இன்னொன்று: ஸ்டேஷனிலேயே அவரைப் பிடித்து வைத்துவிட்டால்? அப்படி நடக்காது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். "பிடிச்சா, என்னையும் சேத்துத்தான் பிடிக்கணும். உள்ள விட்ட சீட்டுல என் கையெழுத்து இருக்கு."

கருப்பையா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "போவோம் ஐயா" என்றார். அவ்வளவுதான்.

சைக்கிளின் பின்னால் அவரை உட்கார வைத்து மிதித்தேன். ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும், அதற்குப் பிறகு ஊரடங்கு. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒரு மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தபோது, கடிதத்தைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். ஏன் அந்த இடத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு மனிதரைப் போலீசுக்கு அழைத்துப் போகிறபோது இப்படி ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடக்க முடியவில்லை.

அவர் நின்றார். "ஊர்ல இங்கிலீஷ் படிச்ச பேங்கர் வீட்டுப் புள்ளதான் அதப் படிச்சுச் சொன்னுச்சு" என்றார். "போய்விட்டார்னு எழுதியிருக்குன்னு சொன்னதும் எங்க ஆத்தா, அஞ்சலை செத்துப் போயிட்டான்னு நெனச்சிடுச்சு. எட்டாம் நாள் காரியம் பண்ணிடலாம்னு ஊர்ல சொன்னாங்க. ஆத்தாதான் விடல. நீ போய்ப் பாத்துட்டு வா, அதுக்கப்புறம் பண்ணிக்கலாம்னுச்சு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேட்டில் ஏறினோம்.  மேடு முடிந்ததும் "ஏறுங்க ஐயா, நான் மிதிக்கிறேன். நீங்க களைச்சிட்டீங்க" என்றார். ஸ்டேஷன் வரை அவர்தான் மிதித்தார்.

ஸ்டேஷன் சார்ஜன் ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயது. கடைசி நோன்பு நாள். உதடு காய்ந்து, நோன்பு திறக்க எப்போது மணியாகும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன்.

"எசோக் ராயா லா, கிராணி" என்றார். நாளைக்குப் பெருநாள், இப்போது போய் இதைக் கொண்டு வருகிறாயே என்று அர்த்தம். "இது இமிகிரேஷன் வேலை. செவ்வாய்க்கிழமை சிரம்பானுக்குப் போ."

"செவ்வாய்க்கிழமை போவோம் சார்ஜன். உங்ககிட்ட அனுமதி கேக்க வரல. இன்னிக்கு இந்த நேரத்துக்கு நாங்க வந்து சொன்னோம்னு மட்டும் உங்க டைரியில எழுதணும்."

அவர் கருப்பையாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி, பாஸ்போர்ட்ட இங்க வச்சிட்டுப் போகட்டும். செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கட்டும்."

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்ல மனிதர், பசியோடு இருக்கிறார், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் கருப்பையா யார் என்று சொல்ல அவர் கையில் ஒன்றுமே இருக்காது. "குடுக்கறோம் சார்ஜன். ஆனா வாங்கிக்கிட்டதா ஸ்டேஷன் முத்திரை போட்டு ஒரு கடிதம் வேணும்" என்றேன். முத்திரை அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி கோலா பிலாவில் இன்ஸ்பெக்டரிடம். சார்ஜன் பெருமூச்சு விட்டார். கடப்பிதழைக் கருப்பையாவிடமே தள்ளிவிட்டு, டைரியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பெயர், கடப்பிதழ் எண், பழைய முகவரி, புது முகவரி, நேரம். பதிவு எண்ணைக் கேட்டு என் கார்பன் நகலில் குறித்துக்கொண்டேன். இன்னொரு நகலை அவரிடம் கொடுத்தேன். அதை எங்கேயோ செருகினார். வெளியே வரும்போது நான் அவருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் விடியும்போதே பட்டாளம் வந்துவிட்டது. பெருநாள் காலையில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று அவர்கள் கணக்கு. முள்கம்பியைச் சுற்றிச் சிப்பாய்கள், வாசலில் மூன்று லாரிகள். எல்லாரையும், தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். பட்டியலோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

பதினேழாம் நம்பர் வீட்டில் நடந்ததை அஞ்சலை பிற்பாடு சொன்னாள். மாரியப்பன் மச்சானை வீட்டுப் பின்னால் கால்வாயில் படுத்துக்கொள்ளச் சொன்னாராம். கருப்பையா அசையவில்லையாம். "நேத்துதான் என் பேர எழுதி வச்சிருக்காங்கல்ல. அப்புறம் நான் எதுக்கு மாப்பிள்ள ஒளியணும்?" என்று சொல்லி, மருமகன்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்து நின்றாராம். அவர் அந்தக் கால்வாயில் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கப் பயமாக இருக்கிறது. அங்கே ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றிருந்தான்.

வெள்ளைக்கார அதிகாரி வீடு வீடாகக் கூப்பிட்டார். பதினேழாம் நம்பரில் ஒரு பெயர் மட்டும் புது மையில், நேற்றுச் சேர்த்ததாக. கடப்பிதழை வாங்கிப் பார்த்தார். பாஸில் இருந்த முகவரியைத் தன் வரைபடத்தில் தேடினார். அவர் முகம் மாறியது.

"இந்த லயம் காலி. அந்தக் காட்டோரத்தில் இவனுக்கு என்ன வேலை?"

நான் நடந்ததைச் சொல்லிக் கார்பன் நகலை நீட்டினேன். பதிவு எண்ணைக் காட்டினேன். அவர் வயர்லஸில் ஸ்டேஷனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பதில் வந்தது: அப்படி ஒரு பெயர் டைரியில் இல்லை.

கருப்பையாவின் கைகளைக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். மாரியப்பனையும் ஏற்றினார்கள். மாரியப்பன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. களத்தில் இருந்த எல்லாருமே என்னைத்தான் பார்த்தார்கள். சார்ஜன் எழுதினார், என் கண்ணால் பார்த்தேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் அந்த அதிகாரிக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

வாயை மூடிக்கொண்டு நேற்றைய மேசையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். சார்ஜன் பேனாவை எடுத்தார். எழுதினார். அவருடைய கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனது.

"சார், ஸ்டேஷன்ல இப்ப டியூட்டியில யார் இருக்காங்க?" என்று கேட்டேன். அதிகாரி எரிச்சலோடு விசாரித்தார். மலாய்க்காரப் போலீஸ்காரர்கள் எல்லாம் பெருநாள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஒரு பஞ்சாபிக் கான்ஸ்டபிள் மட்டும் இருந்தார்.

"அந்தப் பதிவு ஜாவியில, அரபு எழுத்துல எழுதின மலாயில இருக்கு சார். அவருக்கு ஜாவி தெரியாது. இல்லைன்னு அவர் சொன்னது, படிக்க முடியலைங்கறதாத்தான் இருக்கும். எழுதின சார்ஜனையே கேளுங்க."

அதிகாரி சார்ஜனை அழைத்து வர ஜீப்பை அனுப்பினார்.

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. அஞ்சலை லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கச் சொன்னாலும் எழவில்லை. ஜீப் திரும்பி வந்தபோது முன்னால் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டு பாஜுச் சட்டை, இடுப்பில் சரிகைச் சாரோங், தலையில் சொங்கோக் தொப்பி. பெருநாள் உடுப்போடேயே வந்துவிட்டார். மடியில் ஸ்டேஷன் டைரி. இறங்கி, பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார். பெயர், எண், முகவரி, நேரம். படித்து முடித்ததும் டைரியை மூடி, "தானே வந்து சொன்ன ஆள். ஒளிய நினைக்கிறவன் நோன்பு நாளில் வந்து என் உயிரை வாங்க மாட்டான்" என்று அதிகாரியிடம் சொன்னார்.

கட்டை அவிழ்த்தார்கள். சார்ஜன் திரும்பி ஜீப்பில் ஏறும்போது அஞ்சலை கும்பிட்டாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் சிரம்பானுக்குப் பஸ் ஏறினோம், கருப்பையா, மாரியப்பன், நான். குடிநுழைவு அதிகாரி கார்பன் நகலைப் பார்த்தார், பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டார், பாஸில் புது முகவரியை எழுதி முத்திரை குத்தினார். ஐந்து நிமிடம். திரும்பி வந்து பழைய கடிதக் கட்டைப் பற்றிப் பெரிய கிராணியிடம் ஒப்புக்கொண்டேன். கடுமையாகத் திட்டினார். பிறகு அந்த வாரம் முழுக்க, மாலைகளில் வீடு வீடாகப் போய், ஊருக்குப் புது முகவரி எழுதிப் போடாதவர்களுக்கெல்லாம் நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு பேருக்கு அதற்குள் ஊரில் காரியமே செய்து முடித்திருந்தார்கள்.

பிள்ளைகளே, அலுவலகம் பூட்டியிருந்தால் உங்களால் அந்த வேலையை முடிக்க முடியாது. அது உண்மைதான். ஆனால் முடிக்க முயன்றீர்கள் என்பதை எங்கேயாவது, யாரிடமாவது, அன்றைக்கே எழுத்தில் வைத்துவிட்டு வர முடியும். தேதியை மாற்றி எழுதாதீர்கள். அடுத்தவன் கடப்பிதழை அவன் கையை விட்டுப் போகவிடாதீர்கள். "இல்லை" என்று யாராவது சொன்னால், தேடியது யார், எதில் தேடினார், அவருக்கு அதைப் படிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். நீங்களே "இல்லை" என்று எழுதப் போகும்போது இரண்டு மடங்கு கேளுங்கள்.

கருப்பையா மூன்று மாதம் இருந்துவிட்டுக் கப்பலேறினார். மாரியப்பன் என்னிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல விதமாகவும் இல்லை, கெட்ட விதமாகவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து எல்லாரும் மரத்துக்குப் போன பிறகு, அவர் மட்டும் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"கிராணி, நம்ம வீட்டுக்கு ஆளு ஒண்ணு வந்திருக்கு. லிஸ்ட்டுல எழுதிக்குங்க."

பேனாவை எடுத்தேன். "யாரு? எங்கேருந்து?"

"பொம்பளப் புள்ள" என்றார். "இப்பத்தான், அரை மணி நேரம் ஆச்சு. யாரும் கேக்கறதுக்கு முந்தி நாமளே சொல்லிடலாம்னு வந்தேன்."